மண்டித் தராசில் ஏழு கிலோ எண்ணூறு

ராயக்கோட்டை சாலையில்
ஃபர்ஹானாவின் ஷெட்டுக்கு அடுத்தது மாங்காய் மண்டி.
ஆனி மாதம். பெங்களூராவின் பால் வாசனையும்
கியர் ஆயிலும் ஒரே மூச்சில் ஏறும்.

கழற்றிய ஃப்ளைவீலைச் சாக்கில் சுற்றித்
தராசில் வைத்தேன்.
ஏழு கிலோ எண்ணூறு.
புதியது நாலு கிலோ நூறு.
கணக்கெழுதும் தீர்த்தகிரி
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
"எந்தத் தோப்புச் சரக்கு?
கழிவு ரொம்பப் போகுதே."

"மிதிச்சா துள்ளும், விட்டா விழும்.
நின்னு கிளம்புறப்பதான் அழுவீங்க.
சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்று
ஃபர்ஹானா கையுறையை இழுத்து மாட்டினாள்.

பழைய கிளட்ச் தட்டில்
நகக்கனம் கூட மிச்சமில்லை.
ரிவெட் தலைகள் கீறிய வளையங்களை
ஃப்ளைவீல் முகத்தில் விரலால் சுற்றிவந்தேன்.
பதினோரு வருடம்.
ஓசூர் முதல் ஷிப்ட், விடியாத ஐந்தரை மணி,
சூளகிரியில் லாரிகளுக்கு இடையே
அரைக் கிளட்சில் தொங்கிய என் சோம்பேறி இடது கால்.
நீலம் பாரித்த திட்டுகள் எல்லாம்
சூடு கண்ட நாட்கள்.
ஒன்றுக்காவது தேதி தெரியுமா என்று தேடினேன்.

ஆறு போல்ட். எதிரெதிராக முறுக்கினாள்.
டார்க் ரெஞ்சு 'டக்' என்றது.
மண்டியில் ஏலக்காரன் விலையேற்றினான்.
'டக்'.
தட்டு நடுவில் உட்கார
ஒரு செத்த காரின் ஷாஃப்டைக் கொடுத்து
அசையாமல் பிடிக்கச் சொன்னாள்.
பிடித்தேன். தும்மல் வந்தது. தும்மவில்லை.

"அறுநூறு கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுங்க,
தட்டு படியணும்."
பொறுமையாகத்தான்
மறுநாளே தொப்பூர் போனேன்.

இறக்கத்தில், மூன்றிலிருந்து இரண்டுக்கு,
ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு.
ஊசி குதித்து நின்ற இடத்தில்
கியர் வெண்ணெயில் கத்தியாய் இறங்கியது.
நினைப்புக்கும் நடப்புக்கும் நடுவே
ஒரு தாள் நுழைய இடமில்லை.
தனியாகச் சிரித்தேன்.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
பேன் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

திரும்பி ஏறும்போதுதான்.
மேலே எங்கோ எதுவோ கவிழ்ந்து நெரிசல்.
எனக்குப் பின்னால் கிரானைட் லாரி,
அதன் முகப்பு என் கண்ணாடி முழுக்க.
கிளம்பினேன், அணைந்தது.
கிளம்பினேன்.
மூன்றாம் முறை அரையடி பின்னால் நழுவினேன்.
புது பிரஷர் பிளேட்டின் கனத்தில்
தொடை தையல் மிஷின் போல் ஆடியது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும்
இடையே ஒரு பள்ளம் இருக்கிறது.
அந்தப் பழைய இரும்பு
ஒரு வார்த்தை சொல்லாமல்
பதினோரு வருடம் அதை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது.
நான் நல்ல ஓட்டுநர் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரியிலிருந்து குதித்து வந்த கிளீனர்
பின் சக்கரத்துக்கு அணையாக ஒரு கல் வைத்தார்.
தலை முழுக்க நரை. பெயர் கேட்டேன்.
"சின்னபையன்."
"சத்தத்துக்குக் கூச்சப்படாத சார்,
நல்லா உறும விட்டுக் காலை எடு."

உறும விட்டேன். ஏறியது.
பத்தடி போய் மறுபடி நெரிசல்.
அவர் நடந்தே வந்து,
கல்லை ஜன்னல் வழியாக
பக்கத்து இருக்கையில் போட்டார்:
"மேல போறவரைக்கும் இன்னும் எத்தினி தடவையோ.
வெச்சுக்க."

மூன்று இடங்களில் இறங்கி ஓடினேன்.
கல்லை வைக்க ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை.
சாலையில் விட்டு வந்தால்
இருட்டில் யாராவது பைக்கில் வருவார்கள்.

ஆயில் கசிவு பார்க்க ஷெட்டுக்குப் போனபோது
சீட்டில் அது இருந்தது,
மூலையில் கொஞ்சம் ரப்பர் கறுப்போடு.
"இது என்னங்க?"
"உதிரிபாகம்."
கையில் தூக்கிப் பார்த்து
ஃபர்ஹானா மண்டிப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

தராசு காலியாகத்தான் இருந்தது.
தீர்த்தகிரி கையை ஆட்டிக் கூப்பிட்டார்.
நான் பானெட்டைத் திறந்து
எதையோ பார்ப்பது போல நின்றேன்.