கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டாச்சு.
வண்டியை அணைத்துவிட்டேன்.
முன்னால் நிற்கிற ஹெப்சி
கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கூட்ஸ் வரும் பக்கமே பார்க்கிறாள்.

போன வருஷம் ஐம்பத்தெட்டு வரை எண்ணினாள்,
கார்டு பெட்டிக்குத் தனியாக ஒரு டாட்டா.
கிறிஸ்துமஸுக்கு முப்பது.
இப்போது ஏழு.
ஏழுக்கு அப்புறம் மறுபடி நாலு.

எழும்பூர் டாக்டரம்மா பேப்பரில் வட்டம் போட்டுச் சொன்னார்:
உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் குப்பை சேரும்,
அள்ளுகிற ஆள் பிறவியிலேயே இல்லை.
என்னிடமிருந்து பாதிக் குறை,
பிளவினாவிடமிருந்து பாதி.
புரியுதா என்றார்,
கொடுங்கையூரில் குடியிருக்கிறவனிடம்.

அன்று ராத்திரி பிளவினா
விளக்கு போடாமலே பாத்திரம் தேய்த்தாள்,
தேய்த்து அடுக்கியதை எடுத்து மறுபடியும்.

இப்போது கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள்.
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சிரித்துக்கொண்டே நடப்பாள்,
நாங்கள் முறை போட்டுக் கூடவே நடப்போம்.
"அப்பா" இருக்கிறது. "தண்ணி" இருக்கிறது.
காசிமேட்டில் அவளே கை நீட்டிச் சொன்ன
வஞ்சிரம், வவ்வால், நெத்திலி எல்லாம் போய்
"மீனு" மட்டும், அதுவும் சில நாள்.

வருகிறது கூட்ஸ். எண்ணூர்க் கரி.
ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு.
என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.
எட்டு என்கிறேன். சத்தமாக.
பக்கத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர்
வாயிலிருந்த பீடியை எடுக்காமலே ஒன்பது என்கிறார்,
எதற்கு என்று தெரியாமல்.

முப்பத்தொன்றில் எனக்கே கணக்கு விட்டுப்போகிறது.

கேட் தூக்கியாச்சு.
பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.
இரு நைனா.
கார்டு பெட்டி போய்விட்டது,
அவள் கை இன்னும் டாட்டாவில் இருக்கிறது.