நிலையாக இருந்தான்

ராத்திரி எட்டு மணிக்கு நான் உள்ளே நுழையும்போது
ஓத்தீலியா மறுநாளைக்கான கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.
யூமாவைச் சுற்றி டிசம்பர் முழுக்க லெட்டூஸ்தான்.
இலைமேல் உறைந்த பனி உருகும்வரை
கத்தி படக்கூடாது.
இருட்டோடு போய், வரப்பில் நின்று, காத்திருப்பார்கள்.

மகன் எபெர். நாலு வயது.
கழுத்தில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய்,
மூச்சுக்கு ஒரு பெட்டி.
தலைமாட்டுச் சுவரில், உறை பிரிக்காமல்
டேப் போட்டு ஒட்டிய மாற்றுக் குழாய்.
அந்த வீட்டில் மாதா படத்துக்கும் மேலே
அதற்குத்தான் இடம்.

குரல் வெளியே வராது.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒரு சொடக்கு: சரி.
இரண்டு: வேண்டாம்.
நீலச் சட்டையா? இரண்டு.
டைனோசர் சட்டையா? ஒன்று, உடனே.
எந்த மொழியில் கேட்டாலும் அதே சொடக்கு.

எனக்குத்தான் இரண்டு மொழி.
புரட்டும்போது, துடைக்கும்போது,
முதுகைத் தட்டிச் சளி இளக்கும்போது ஸ்பானிஷ்.
ஏஜென்சியின் தாளில் ஆங்கிலம்.
நடுவில், கையுறையைக் கழற்றும் நேரத்துக்கு மட்டும்
எதுவும் இல்லை.

பத்தாம் தேதி, இரண்டு நாற்பது.
குழாயில் சளி அடைத்தது.
தொண்ணூற்றாறு, எண்பத்தெட்டு, எழுபத்தொன்பது.
உதடு நாவல்பழம் தின்ற நிறம்.
உறிஞ்சினேன், வரவில்லை.
சுவரிலிருந்து பிய்த்து, குழாயை மாற்றினேன்.
பையை அழுத்தி அழுத்தி
எந்த மொழியில் எண்ணினேன் என்று
இன்றுவரை தெரியாது.
தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து.
கதவருகே ஓத்தீலியா,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டபடி.

பிறகு உட்கார்ந்து எழுதினேன்:
குழாய் மாற்றப்பட்டது. குழந்தை நிலையாக இருக்கிறான்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
குழந்தை நிலையாக இருப்பதால்
வாரம் ஏழு இரவு, இனி மூன்று.

என் சொல். என் கையெழுத்தில்.

அவள் அந்த ஆங்கிலச் சொல்லைப் போனில் தட்டிப் பார்த்தாள்.
குதிரை லாயம் என்றும் அதற்குப் பொருள் உண்டு;
போன் அதைத்தான் காட்டியது.
"என் பிள்ளையைக் கொட்டிலில் கட்டியிருக்கிறது என்றா எழுதினாய்?"
சிரிப்பதற்காகத்தான் கேட்டாள்.
சிரிப்பு பாதியில் நின்றது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்த இரவுகளுக்கு
நான் வைத்த பெயர், ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காமலிருக்க
என்னவெல்லாம் நடந்தது என்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

நான் இல்லாத இரவுகளுக்கு அவளிடம் ஒரு நோட்டு.
பிள்ளைகளின் கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் பச்சைக் கறை.
அப்பீலுக்காக அதை ஆங்கிலமாக்க உட்கார்ந்தேன்.

ஒன்று பத்து: தண்ணீர்ச் சத்தம் கேட்டது, உறிஞ்சினேன்.
இரண்டே கால்: மறுபடியும்.
மூன்று: தூங்கிவிட்டேன், மன்னிக்கவும்.
மூன்று இருபது: கொஞ்சம் என்னை விட்டுப் போனான். வந்துவிட்டான்.

மன்னிப்பு யாரிடம் என்று நான் கேட்கவில்லை.
கொஞ்சம் என்றால் எத்தனை வினாடி,
அவர்கள் கேட்பார்கள், என்றேன்.
யோசித்தாள்.
"ஒரு லெட்டூஸை அறுத்து, மேலிலை உரித்து,
பையில் போடுகிற நேரம்."
பிறகு, "இல்லை. அதைவிட நீளம்."
இரண்டையும் அப்படியே எழுதினேன்.

ஐந்து இரவு தந்தார்கள்.
செவ்வாயும் சனியும் அவளுடையவை.

இப்போதெல்லாம் என் தாளில் எண்கள்தான்.
பதினொரு முறை உறிஞ்சல். நான்கு முறை புரட்டல்.
எண்பத்தேழு, நாற்பது வினாடி.
அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதுவதில்லை,
அவன் நிஜமாகவே அப்படி இருக்கும்
விடியற்காலைகளில்கூட.

செவ்வாய் இரவு, என் வீட்டில்,
இரண்டு நாற்பதுக்கு விழிப்பு வரும்.
பெட்டி இல்லை, மணி இல்லை,
புருஷன் சீராக மூச்சுவிடுகிறான்.
இருட்டில்
நாக்கை அண்ணத்தில் ஒட்டி
ஒருமுறை சொடுக்கிப் பார்ப்பேன்.