விண்ணப்பம், பக்கம் ஏழு

"உங்கள் பள்ளியின் தேவையை
இருநூறு சொற்களுக்குள் விளக்குக."
இருநூறு போதும் என்று
வாஷிங்டனில் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

மிசிசிப்பி ஆற்றிலிருந்து பதினொரு மைல்.
பருத்திக்கும் கெளுத்திக் குளங்களுக்கும் நடுவே
எங்கள் உயர்நிலைப் பள்ளி.
வருகைப் பதிவு, தாமதச் சீட்டு,
காய்ச்சல் கண்ட பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன்,
இவ்வளவுதான் என் வேலை.
பிப்ரவரியில் ஒருநாள் முதல்வர் வந்து
"வெர்லீன், உன் கையெழுத்து அழகு, நீயே நிரப்பு" என்றார்.
கணினியில் நிரப்ப வேண்டிய படிவம் அது.

இலவச மதிய உணவு உண்போர்
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
கூட்டி முடித்ததும், நூறாகவே இருந்திருக்கலாமே
என்று ஒரு கணம் தோன்றியது.
தோன்றியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
ஒழுகும் அறைகள் எத்தனை?
நான்கு என்று அடித்தேன்.
ஐந்தாவது என் அறை. சொல்ல வெட்கம்.
பிறகு அதையும் சேர்த்தேன்.
இல்லாமையை ஒழுங்காக எண்ணிக் காட்டினால்
கால்குலஸ் தருவார்கள்.

தந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு.
இருபது கால்குலேட்டர்கள், தேர்வுக் கட்டணம்,
ஹாலிஸ் டாட்சனுக்குக் கோடைப் பயிற்சி.
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு
பகலில் அல்ஜீப்ரா நடத்தும் மனிதர்.
ஐம்பத்து மூன்று வயதில் கல்லூரி விடுதிக் கட்டிலில்
கால் நீட்ட இடமில்லாமல் படுத்துக்கொண்டு
என்னை அழைத்தார்:
"இங்கே எல்லோரும் புரிந்ததுபோல் தலையாட்டுகிறார்கள்.
நானும் ஆட்டிவிட்டேன்."

ஏழு பேர் சேர்ந்தார்கள்.
அக்டோபரில் ஆறு.

ஜக்கீரியாவுக்கு இரவில் குளத்து வேலை.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
குளம் குளமாக வண்டியில் போய்
நீரில் மீட்டரை இறக்கி
ஆக்சிஜன் அளவைக் குறிக்க வேண்டும்.
அந்த வாரம் வகைக்கெழு ஒருவருக்கும் ஏறவில்லை.
டாட்சன் சாக்பீஸை வைத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.
கைதூக்காமலே அவள் சொன்னாள்:
"நாலு இருந்தால் நிம்மதி, மூணு இருந்தால் பயம்னு
புது ஆளுங்கதான் சொல்வாங்க.
எவ்வளவு இருக்குன்னு நாங்க பார்க்க மாட்டோம்.
எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்ப்போம்.
அதை வைச்சுத்தான் மோட்டாரைப் போடுவோம்.
இல்லைன்னா விடியறப்ப
குளம் முழுக்க வெள்ளை வயிறு."

டாட்சன் பலகையை அழித்தார்.
முழுதாக அழியவில்லை; பழைய பலகை.
அதன்மேலேயே ஒரு குளம் வரைந்தார்.

மே மாதத்தில் தேர்வு.
ஐந்துக்கு மூன்று எடுத்தால் தேர்ச்சி.
நான்கு எடுத்தவன் டெமெட்ரிக் போலார்ட்.
ஆண்டு முழுக்கப் பின் வரிசையில்
அவன் பேசிக் கேட்டவர் இல்லை.
மூன்று பேருக்கு ஒன்று.
ஒருத்திக்கு இரண்டு.
ஜக்கீரியாவுக்கும் இரண்டு.
தேர்வுக்கு முந்தைய இரவு எட்டாம் குளத்தில் மோட்டார் பழுது,
விடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள்.

ஆண்டறிக்கை கேட்டது: தேர்ச்சி பெற்றோர்?
ஒன்று.
எழுத்தரின் கை பொய் சொல்லாது,
ஆனால் அந்த ஒன்றை அடித்துவிட்டு
வெகுநேரம் விசைப்பலகைமேலேயே கிடந்தது.

இரண்டாம் ஆண்டுப் பணம் வருமா என்பது
இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது.
மறுபடி அதே பக்கம் ஏழு, அதே இருநூறு சொற்கள்.
குளத்தைப் பற்றித் தொடங்கினேன்.
நூற்றுத் தொண்ணூறைத் தொட்டபோதும்
மீட்டர் நீருக்குள்தான் இருந்தது.

கதவு தட்டும் ஓசை.
எட்டு இருபது. ஜக்கீரியா,
முழங்கால்வரை காய்ந்த சேறு.
பன்னிரண்டாம் வகுப்பு இப்போது.
கால்குலஸில் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறாள்.
"பணம் வராமலும் போகலாம்" என்றேன்.
"கால்குலேட்டரைத் திருப்பிக் கேட்டாங்களா?"
"இல்லை."
"அப்போ சீட்டைக் கொடுங்க, மேடம். வகுப்பு ஆரம்பிச்சுடுச்சு."

தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில்
குளம் என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.