தரைத்தளத்துக் காகிதப்பூ

ஐந்து வருடமாகப் பூக்கவில்லை.
நோய் என்று சொல்லவும் ஒன்றுமில்லை.
இலை, இலை, மேலும் இலை.
முள்ளில்கூட எண்ணெய் தேய்த்த மினுக்கம்.

வடபழனி, நூறடி ரோட்டுக்குப் பின்தெரு.
இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே
ஒரு ஸ்கூட்டர் அகலத்துக்கு மண்.
அங்கேதான் நட்டேன்.
வாங்கும்போது மூன்று பூ இருந்தது.
நர்சரி தாவூத் அடித்துச் சொன்னார்:
"இது சாகவும் சாகாது சார்,
பூக்காமலும் இருக்காது."
பாதி வாக்கு பலித்தது.

போன் போட்டேன்.
"தண்ணி ஊத்துறீங்களா?"
இல்லை என்றேன். பொய்யில்லை.
ஊற்றுவது முதல் மாடி ஹெப்சிபா டீச்சரின் ஏசி,
மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை,
இரவு பத்திலிருந்து பால் பாக்கெட் வரும்வரை,
சொட்டுச் சொட்டாக
வேரைக் குறிபார்த்து.

"அதான் சார். நாக்கு வறண்டாத்தான்
அதுக்குப் பூ ஞாபகம் வரும்."

டீச்சர், உங்கள் உறக்கம்
என் செடியைக் கெடுக்கிறது என்று
எந்த முகத்தோடு சொல்வது?
ஒரு பக்கெட்டை வைத்தேன், சொட்டு விழும் இடத்தில்.
தண்ணீரை வீணாக்கத் தெரியாத வாட்ச்மேன் பிபின்
அது நிரம்ப நிரம்ப எடுத்து
செடிக்கே ஊற்றினான்.

யூரியா போட்டேன், ஒரு கை.
இலை என் உள்ளங்கை அளவானது.

பிறகு வெளிச்சத்தைச் சந்தேகித்தேன்.
வெயில் இங்கே பதினொன்று நாற்பதுக்கு வந்து
பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடும்,
கேஸ் புத்தகம் பார்க்க வந்தவர் மாதிரி.
இரவிலோ மாநகராட்சியின் புது எல்இடி.
நல்ல பகலும் இல்லை, நல்ல இருட்டும் இல்லை,
இது எந்த மாதம் என்று
அதற்கு யார் சொல்வார்கள்?

பூ கிளையின் நுனியில்தான் வருமாம்.
அந்த நுனியைத்தான்
கரண்ட் கம்பியில் உரசுகிறதென்று
சங்கச் செயலாளர் வரதகுட்டி
போகிக்கு முதல்நாள் ஆள்விட்டு வெட்டுகிறார்.
கூலியில் என் பங்கு நூற்றைம்பது.
ஐந்து வருடமும் கொடுத்திருக்கிறேன்.

சுகிர்தா சொன்னாள்:
"இலைக்கு என்ன குறைச்சல்? விடுங்களேன்."
விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் ஸ்கூட்டர் படுத்தது.
மெட்ரோ ஏறினேன்.
வடபழனியிலிருந்து அரும்பாக்கம் பக்கம்
ரயில் நகர்ந்த கொஞ்ச நேரத்தில்
கட்டடங்களின் முதுகுகள்:
காயும் போர்வை, டிஷ் ஆன்டெனா,
யாரோ மறந்த உடற்பயிற்சி சைக்கிள்.
அவற்றுக்கு நடுவே ஒரு மொட்டைமாடி
இளஞ்சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது.

யார் வீடோ, கொடுத்துவைத்தவர்கள் என்று
எண்ணி முடிக்கும் முன்
அந்த நீலத் தண்ணீர்த்தொட்டியைத் தெரிந்தது.
அதன் வாயில் கட்டிய
கிழிந்த துணிக்கடை பேனரையும்.
கட்டியது நான்தான்.

கழிவுநீர்க் குழாயின் பின்னால்
அரிவாளுக்குத் தப்பி
ஒரே ஒரு கிளை நாலு மாடி ஏறியிருக்கிறது.
வேர் அதே ஈரத்தில்தான்.
வயிற்றில் அதே யூரியாதான்.
தாவூத்துக்கு இதை எப்படிச் சொல்வது?

எதிர்சீட்டுப் பெண் போனிலிருந்து நிமிரவில்லை.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன் மட்டும்
கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான்,
தினமும் பார்க்கிறவன்போல.
அடுத்த நிலையத்தில் இறங்கி,
எதிர் நடைமேடையில் ஏறி
இன்னொரு முறை கடந்தேன்.
பதினோரு நொடி.

அப்புறம்தான் உறைத்தது.
பங்குனி முழுக்கக் கார்களின் மேல் கிடந்த
மெல்லிய இளஞ்சிவப்புத் தாள்கள்.
யார் வீட்டுப் பிறந்தநாளோ என்று
ஸ்கூட்டர் சீட்டிலிருந்து
நானே துடைத்துத் தள்ளியவை.

வீட்டுக்கு வந்து பிபினிடம் கேட்டேன்.
"டெய்லி பெருக்குறேன் சார்,
ஒண்ணுகூட விடல" என்றான்,
புதுத்தமிழில், பெருமையாக.

மேலே ஏசி ஓட ஆரம்பித்தது.
பக்கெட்டில் முதல் சொட்டு.