ஆட்டமில்லாத மாதம்

ஆட்டமில்லாத மாதத்தில்தான்
ஆட்களை எண்ணுகிறோம்.
சூரமங்கலம், தட்டுவடைக் கடை பெஞ்சு,
எண்ணெய் ஊறிய நோட்டில்
தேவை என்று தலைப்பு.

கோல்கீப்பர் ஒருவன்.
அன்சாரின் முழங்கால் இனிமேல்
பட்டறையில் சம்மணமிட்டுக் கொலுசு பற்றவைக்க மட்டும்.
நடுவில் ஓட ஒருவன்,
மூச்சுள்ளவனாக.

நாகலூர்க்காரர்கள் இருபது வளைவும் இறங்கி வந்திருந்தார்கள்.
சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி
மிளகு பறிக்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம்,
கைக்கு வந்ததை விடமாட்டானாம்.
பதிலுக்கு
லூர்துவைக் கேட்டார்கள்.
கூடவே இரண்டு பந்து தருவதாகவும்.

லூர்து அப்போது
எங்களுக்குத்தான் டீ வாங்கப் போயிருந்தான்.

சரி என்றேன்.
பந்து புதுசா என்றும் கேட்டேன்,
அதை மறைப்பானேன்.

எட்டு கிளாஸ், இரண்டே கை, ஒரு சொட்டு சிந்தவில்லை.
வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தான்.
"மேலே மழையில கிரவுண்டு வழுக்குமாண்ணா?"
என்னைப் பார்க்காமல் கேட்டான்.

எனக்கு மட்டும் சர்க்கரை போடாமல்
சொல்லி வாங்கியிருந்தான், எப்போதும்போல.

அவர்கள் பஸ் ஏறியதும்
கோல்கீப்பரை அடித்துவிட்டுக்
கடைசியில் எழுதினேன்:

இடதுகால்காரன் ஒருவன்.