மிச்சம் இருபத்திரண்டு மணித்தியாலம்

இந்த ஊர் ஆண்களை எனக்கு இருட்டில்தான் தெரியும்.
இருமலால், செருப்பு இழுபடும் சத்தத்தால்,
கிடுகுவேலியில் இரண்டு விரலால் தட்டுகிற விதத்தால்.
நூறு ரூபாய் குறைத்துத் தருகிறவன் யாரென்று
தாளைத் தடவியே சொல்லுவேன்.

இப்போது பகல்.
புளியம்பொக்கணை ஆஸ்பத்திரி முற்றத்தில்
ஈர்க்குமாறோடு நிற்கிறேன்.

எட்டுப் போத்தல் கசிப்பு, இருபது லீற்றர் கோடா.
கிளிநொச்சியில் நீதவான் நிமிராமல் கேட்டார்:
குற்றவாளியா, சுற்றவாளியா?
சுற்றவாளி என்றால் தவணைக்குத் தவணை சுற்றவேண்டும்,
பஸ்சுக்குக் காசு வேண்டும்.
குற்றவாளி என்றேன்.

அபராதம் ஐம்பதாயிரம்.
அவ்வளவு காசு கையில் இருந்தால்
அடுப்பில் அந்தப் பீப்பாவை ஏன் ஏற்றினேன் என்று
வாய்வரை வந்ததைக்
கூட்டுக்கம்பியைப் பிடித்தபடி விழுங்கினேன்.
மறியலுக்குப் பதிலாக
நூறு மணித்தியாலம் எழுதினார்கள்.
சமுதாயஞ்சார் சீர்திருத்தம்.
வாயில் நுழையாத அந்தப் பேரை
மகன்தான் நெட்டுருப் பண்ணித் தந்தான்,
யாரும் கேட்டால் தடுமாறாமல் சொல்ல.

நிலோஜினி மிஸ் வவுனியாவிலிருந்து பஸ்சில் வருகிறா.
அக்கா, நித்திரை வருகுதா?
இரண்டு மணிக்குப் பிறகு வரும் மிஸ்.
ஏன் இரண்டு மணி?
அடுப்பு அணைக்கிற நேரம் அது.
இப்போது அடுப்பே இல்லை,
உடம்புக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.
மிஸ் சிரிக்காமல் எழுதிக்கொண்டா.

என்னோடு கூட்டுகிறவள் கனகேஸ்வரி.
காட்டிலாகாக் கல்லுக்கு அந்தப்பக்கம் பாலைவிறகு வெட்டினவள்.
அந்தக் கல் நிற்கிற இடத்தில்
தன் கிணறு இருந்தது என்கிறாள், இடப்பெயர்வுக்கு முதல்.
அவளுக்கு நாற்பது மணித்தியாலம்.

மருந்து வரிசையில் நிற்கிற ஆண்கள்
என்னைக் கண்டதும் சுவரில் ஒட்டிய
டெங்கு நோட்டீசை வாசிக்கிறார்கள்.
இருமுகிறார்கள்.
குனிந்தபடியே மனசுக்குள் ஒவ்வொரு பேராய்ச் சொல்லுகிறேன்.

போன செவ்வாய் பவளராணி பேசினோடு வெளியே வந்தாள்.
நீதானே, என்றாள்.
ஓம், என்றேன்.
இங்கே கூடு இல்லை,
பிடிக்க ஒரு கம்பி இல்லை.

அடிப்பாள் என்று நின்றேன்.
மனுசனைப் புரட்டவேணும், ஒரு ஆள் காணாது, வா, என்றாள்.

வயிறு பானைபோல வீங்கிக் கிடந்தார்.
பங்குனி உத்தரத்தில் நாகதம்பிரானிடம் சத்தியம் பண்ணி
மூன்று நாள் குடியாமல் இருந்தவர்.
நாலாம் நாள் என் வேலியில் இரண்டு விரல்.
நான் எழும்பிப் போனேன்.
சத்தியம் பண்ணினது தெரிந்துதான் போனேன்.

தோளை நான் பிடித்தேன், இடுப்பை அவள்.
கண் திறந்து என்னைப் பார்த்தார்,
பகலில், முதல்தரம்.
பிறகு மூடிக்கொண்டார்.
பவளராணி தன் சீலைத்தலைப்பில் கையைத் துடைத்தாள்.
எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்து
வாசற்படியில் நின்றாள். போனேன்.

படிவத்தில் 'முற்றம் கூட்டுதல், நான்கு மணித்தியாலம்' என்றிருக்கிறது.
கீழே மிஸ்சின் கையெழுத்து.
புரட்டினது அதில் இல்லை.
நானும் சொல்லவில்லை.

இன்றைக்குப் புதன்.
லோன் காசு கேட்கிற பெடியன் இப்போது வீட்டுக்கு வருவதில்லை.
ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார்சைக்கிளைச் சாய்த்துவிட்டு
போனைப் பார்த்தபடி இருக்கிறான்.
பன்னிரண்டு மணிவரை நான் எங்கேயும் ஓடமாட்டேன் என்று
நீதிமன்றமே அவனுக்கு எழுதிக் கொடுத்தமாதிரி.

கனகேஸ்வரி, நீ கிணற்றடியைக் கூட்டு.
நான் வாசலில் இருந்து தொடங்குகிறேன்.
மழை கண்டு மூன்று மாதம்.
புழுதி கொஞ்சம் எழும்பட்டும்.