பிஸ்கட் டப்பா

காரைக்கால் பழைய இரும்புக் கடையில்
என்ஜின் சாமான் தேடப்போன நம்புராஜன்
எனக்கென்று எடுத்துவந்தது
இந்தப் பிஸ்கட் டப்பா.

மூடியில் பிரெஞ்சு ஓவியம் ஒன்று.
ஓரத்தில் பொடி எழுத்தில் பாரிஸ், 1874.
கிணற்றுச் சுவரில் சாய்ந்து ஒருத்தி,
முழந்தாளிட்டு ரோஜா நீட்டும் ஒருவன்.
தூரிகை போன தடமே இல்லை,
மெழுகில் வார்த்த தோல்.
வெறுங்காலோடுதான் நிற்கிறாள்.
பாதத்தில் ஒரு கீறல் இல்லை.

நான் சின்னப்பாலத்துக்காரி.
பாசி எடுக்கக் குதிக்கிறவள்.
பாறை கிழிக்காத இடம்
என் உள்ளங்காலில் எங்கே என்று
தேடத்தான் வேண்டும்.

டப்பாவுக்குள் என் நீச்சல் கண்ணாடி,
விரலில் சுற்றும் துணி, வெற்றிலைப் பொட்டலம்.
உப்புக்காற்று முதலில் தின்றது
அவன் முழங்காலை.
போன மாசம் ரோஜாவை.
அவள் மட்டும் துருப்பிடிக்காமல்
தலை கவிழ்ந்து இன்னும் யோசிக்கிறாள்.

நம்புராஜனும் கேட்டுவிட்டான்.
முழந்தாளெல்லாம் இடவில்லை.
என் பாசி மூட்டையை வத்தையில் ஏற்றிக்கொண்டே,
மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தி.

காது கேட்காதவள்போல
தீவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரி
தேங்காயெண்ணெய் தொட்டு
மூடியைத் துடைத்தேன்,
அவன் முகம் இருக்கிற
அந்த மூலையை மட்டும்.